ஒரே பேரடைக்குப் பதினான்கு இரவுகள்

என் கணினித் திரையில் திறந்திருக்கும் படத்தின் நடுவே என்ஜிசி 3079 என்னும் விண்மீன் பேரடை, தன் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டியபடி, மெல்லிய கீற்றுப்போல் நீண்டு கிடக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் பக்கமாக, ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பேரடை அது. அதற்கு வடக்கே, முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவான இடைவெளி தள்ளி, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இரண்டு மங்கலான நீலப் புள்ளிகள் நிற்கின்றன. விரல் வைத்துக் காட்டாவிட்டால் அவை யார் கண்ணிலும் படப்போவதில்லை. ஆனால் இந்தப் படத்துக்காக நான் விழித்திருந்த பதினான்கு இரவுகளில் எனக்குக் கிடைத்தவற்றுள் ஆகப் பெரியது அந்த இரண்டு புள்ளிகள்தாம். வீட்டின் கொல்லைப்புறத்தில், தெருவிளக்குகளால் வெளுத்துப்போன வானத்தின் கீழ், 150 மில்லிமீட்டர் ஆடி கொண்ட ஒரு சிறிய தொலைநோக்கியால் எடுத்த படம் இது. புள்ளிகள் என்னவென்று பின்னால் சொல்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் நான் செய்த அதே தவறிலேயே முதல் ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள்.

அந்தத் தவறு, இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை. முதல் ஆண்டில் இருபத்திரண்டு பேரடைகளைப் படமெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். ஆந்திரோமெடா, எம்51, எம்81, எம்82, எம்101, சிம்ம ராசியில் அருகருகே நிற்கும் மூன்று பேரடைகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. எல்லாப் படங்களிலும் நடுவில் ஒளிரும் ஒரு கரு, அதைச் சுற்றிச் சற்றே புகைபோன்ற ஏதோ ஒன்று, அதற்கப்பால் புள்ளி புள்ளியாய் இரைச்சல், அதாவது படத்தில் ஒட்டிக்கொள்ளும் பொருளற்ற ஒளிப்புள்ளிகள். ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் வேறுபாடு சொல்லத் தெரியவில்லை. கருவியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு பருவம் முழுவதும் ஒரே பேரடையிடம் இருப்பது என்று முடிவெடுத்தேன். கருவி மாறவில்லை, படம் மாறியது.

இதன் கணக்கு எளிமையானது. ஒரே இலக்கைப் பல முறை படமெடுத்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி சராசரி காணும்போது, பேரடையின் ஒளி நிலையாக நிற்கிறது. இரைச்சலோ ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறாக இருப்பதால் தம்முள் அடித்துக்கொண்டு குறைகிறது. ஆனால் இந்த ஆதாயம் நேரத்தின் வர்க்கமூலத்தின்படியே கூடுகிறது. படத்தின் தெளிவு இரண்டு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும், மூன்று மடங்காக ஒன்பது மடங்கு. ஒரு மணி நேரப் படத்தைவிட ஆறு மடங்கு தெளிவான படத்துக்கு 36 மணி நேரம் தேவை. நான் எடுத்தது அந்த 36 மணி நேரம்தான்: ஒவ்வொன்றும் 120 விநாடியாக ஏறத்தாழ 1,300 பிரேம்கள், அவற்றுள் மேகமும் காற்றும் கெடுத்தவற்றைக் கழித்து எஞ்சியவை 1,080. இரண்டாம் மணி நேரம் தரும் மாற்றம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், இருபதாம் மணி நேரம் தருவது தெரியாது. அந்த இடத்தில்தான் பலரும் அடுத்த இலக்குக்குத் தாவிவிடுகிறார்கள்.

வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதே எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. ஒரு சதுர வில்நொடி வானத்திலிருந்து வரும் ஒளியை மேக்னிட்யூட் என்னும் ஒளிர்வு அளவில் சொல்வது வழக்கம். எண் கூடக் கூட வானம் இருண்டது என்று பொருள். என் கொல்லைப்புறத்து வானம் நல்ல நாளில் 19. ஊர்களின் வெளிச்சம் எட்டாத நல்ல இருண்ட இடத்தில் அது 21.5-ஐத் தொடும். இந்த 2.5 வேறுபாடு பார்க்கச் சிறிதாக இருந்தாலும், என் வானம் பத்து மடங்கு வெளிச்சமானது என்பதே அதன் பொருள். மங்கலான பேரடைகளைப் பொறுத்தவரை அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பது இங்கே பத்து மணி நேரத்தில் கிடைக்கும். அதாவது என் 36 மணி நேரம் அங்கே நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. இருண்ட இடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போகக்கூடியவர், கொல்லைப்புறத்துக்கு மேகமில்லாத எந்த இரவிலும் போகலாம்.

வெளிச்சத்தை வடிகட்டும் ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் இந்தப் பத்து மடங்கைக் கடந்துவிடலாம் என்று நம்பி நானும் ஒன்று வாங்கினேன். வளிமத்தாலான நெபுலாக்களுக்கு அத்தகைய ஃபில்டர்கள் அருமையாக உதவும், ஏனெனில் அவை ஒருசில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே ஒளிர்கின்றன. அந்த நிறங்களை மட்டும் உள்ளே விட்டால் போதும். பேரடையின் ஒளியோ கோடானுகோடி விண்மீன்களின் ஒளி. எல்லா நிறங்களிலும் பரந்து கிடப்பது. இன்றைய எல்இடி தெருவிளக்கின் ஒளியும் அப்படித்தான். ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடுகிறது. என் அனுபவத்தில் அந்த ஃபில்டர் படத்துக்கு ஒரு விசித்திரமான நிறத்தைக் கொடுத்ததைத் தவிர வேறெதையும் செய்யவில்லை. ஹைட்ரஜன் வளிமம் வீசும் ஒரு குறிப்பிட்ட சிவப்பொளியை மட்டும் உள்ளே விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் மட்டும் விலக்கு. எம்33-இல் இருக்கும் என்ஜிசி 604 போன்ற விண்மீன் பிறப்பிடங்களையும், எம்82-இன் நடுவிலிருந்து மேலும் கீழுமாய்ப் பீறிடும் சிவந்த வளிமத்தையும் அது தனியே எடுத்துக் காட்டும். மற்றபடி பேரடைக்கு உண்மையான ஃபில்டர்கள் இரண்டு: நிலவில்லாத இரவு, உச்சிக்கு அருகில் நிற்கும் இலக்கு. அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும் பொருளை நாம் உச்சியில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றின் வழியே பார்க்கிறோம். அதற்குக் கீழே இறங்கிய இலக்கை நான் இப்போது தொடுவதில்லை.

கருவிகளுள் நான் அதிகம் பேச விரும்புவது தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட்டைப் பற்றி. புதியவர்கள் பெரும்பாலும் பெரிய ஆடியின்மேல் ஆசைப்பட்டு, மீந்ததில் மவுண்ட் வாங்குகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பூமி சுழல்வதால் வானம் ஒவ்வொரு விநாடியும் 15 வில்நொடி நகர்கிறது. என் தொலைநோக்கியின் குவியத்தூரம் 750 மில்லிமீட்டர், கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான். பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு அது ஏறத்தாழ ஒரு வில்நொடி. ஆகவே ஒரு விநாடிக்கு 15 பிக்சல் வீதம் ஓடும் வானத்தை, இரண்டு நிமிடம் முழுக்க ஒரு பிக்சல் அளவுக்குக்கூட நழுவவிடாமல் மவுண்ட் பின்தொடர வேண்டும். பற்சக்கரங்களின் சிறு குறைகளாலேயே எந்தச் சாதாரண மவுண்ட்டும் தானாக அதைச் செய்யாது. பக்கத்தில் ஒரு சிறு தொலைநோக்கியையும் கேமராவையும் பொருத்தி, ஒரு விண்மீனைக் கண்காணித்து, அது நகர நகர மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் கைடிங் முறை இன்றியமையாதது. பிஎச்டி2 என்னும் இலவச மென்பொருள் இந்த வேலையை இரவு முழுவதும் சலிக்காமல் செய்கிறது.

துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், மவுண்ட்டின் அச்சை வடதுருவத்துக்கு நேராக்குவது தொடக்கத்தில் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்போது நினா என்ற மென்பொருளில், வானத்தின் வேறு மூன்று இடங்களைப் படமெடுத்து, அவற்றிலுள்ள விண்மீன்களின் இடத்தைக் கொண்டு அச்சின் பிழையைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி இருக்கிறது. துருவ நட்சத்திரமே தெரியாமல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு கோளாற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நள்ளிரவு வரை எடுத்த பிரேம்களில் விண்மீன்கள் உருண்டையாக இருந்தன. இலக்கு உச்சியைக் கடந்ததும் மவுண்ட் தொலைநோக்கியை மறுபக்கம் புரட்டி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எடுத்த பிரேம்களில் மட்டும் எல்லா விண்மீன்களும் ஒரே திசையில் நீண்டிருந்தன. கைடிங் வரைபடமோ எந்தக் குறையும் இல்லை என்றது. ஆடிகளைத் திரும்பத் திரும்ப நேராக்கினேன், கேமராவைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் ஒரு பகற்பொழுதில், தொலைநோக்கியைக் கையால் புரட்டி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன். கேமராவின் யுஎஸ்பி கேபிள், அந்த நிலையில் மட்டும், முக்காலியின் ஒரு திருகில் மாட்டி, தளர்ந்தும் தளராமலும் கேமராவை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. கைடிங் கேமரா தனிக் குழாயில் இருந்ததால் அந்த இழுப்பு அதற்குத் தெரியவேயில்லை. எல்லா கேபிள்களையும் ஒரே கட்டாகச் சேர்த்து மவுண்ட்டின் நடுவழியே இறக்கியபின் அந்தக் கோளாறு மீளவில்லை. விண்மீன்கள் ஒரே திசையில் நீண்டிருந்து, கைடிங்கும் சீராக இருந்தால், முதலில் கேபிள்களைப் பாருங்கள். பிறகு கேமராவைப் பிடித்திருக்கும் ஃபோகஸர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இருட்டான வானமும் வெளிச்சமான வானமும் வெவ்வேறு விடை தருகின்றன. கேமரா ஒவ்வொரு முறை படத்தைப் படிக்கும்போதும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது. வானத்தின் வெளிச்சம் தரும் இரைச்சல் அதை விழுங்கிவிடும் அளவுக்குப் பிரேம் நீண்டுவிட்டால் போதும். அதற்குமேல் நீட்டுவதால் ஆதாயமில்லை. இன்றைய சீமாஸ் சென்சார்களில் படிக்கும் இரைச்சல் மிகக் குறைவு என்பதால், என்னுடையதைப் போன்ற வெளிச்சமான வானத்தில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும். பத்து நிமிட எக்ஸ்போஷரில் ஒரு காற்று வீச்சு பத்து நிமிடத்தைக் கெடுக்கும். இரண்டு நிமிடப் பிரேமில் இரண்டு நிமிடமே போகும். சில பிரேம்களுக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் அங்குமிங்கும் நகர்த்தும் டிதரிங் முறையையும் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். சென்சாரின் சொந்தக் குறைகள் அப்போது வானத்தின்மேல் ஒரே இடத்தில் விழாமல் சிதறிப் போகின்றன. அடுக்கும்போது மென்பொருள் அவற்றைக் கழித்துவிடுகிறது. செயற்கைக்கோள்கள் இழுத்துவிட்டுப் போகும் கோடுகளும் அப்படியே மறைகின்றன. செயற்கைக்கோள் கோடு விழுந்த பிரேமைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இனி, ஃபிளாட். தொலைநோக்கியும் கேமராவும் படத்தில் விடும் நிழல்களைக் கழிப்பதற்காக, தொலைநோக்கியின் வாயில் சீரான வெண்ணொளியைக் காட்டி எடுக்கும் இந்தப் பிரேம்களைப் பற்றிப் பேசினாலே புதியவர்களுக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. முதல் ஆண்டில் ஃபிளாட்டைச் சில நாள் எடுத்தேன், சில நாள் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன், சில நாள் பழையதையே பயன்படுத்தினேன். அந்த ஆண்டின் எம்51 படத்தில், பெரிய சுருளின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைப் பேரடையான என்ஜிசி 5195-க்கு அப்பால் மிக மெல்லிய ஒரு வில் தெரிந்தது. அந்த இரு பேரடைகளும் ஒன்றையொன்று ஈர்த்ததில் விண்மீன்கள் சிதறி உண்டான மங்கலான ஒளிப்படலம் அங்கே உண்மையாகவே உண்டு. நீண்ட நேரம் எடுத்த படங்களில் அது வரும். ஆகவே ஒரு மணி நேரத்திலேயே என் கொல்லைப்புறத்தில் அதைப் பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்து, படத்தின் மங்கலான பகுதிகளை இன்னும் இன்னும் வெளிச்சமாக்கி அந்த வில்லைத் தெளிவாக்கினேன். பிறகு அதே இரவில் எடுத்த வேறொரு பேரடையின் படத்தைத் தற்செயலாகப் பக்கத்தில் திறந்தபோது, அங்கும் அதே இடத்தில், அதே வளைவோடு, அதே வில் இருந்தது. கேமராவுக்கு முன்னால், தொலைநோக்கியோடு பொருத்தியிருந்த வில்லையில் ஒட்டிய ஒரு தூசியின் நிழல் அது. கேமராவை நான் சற்றுத் திருப்பி மாட்டியிருந்ததால் பழைய ஃபிளாட் அந்த நிழலை நீக்காமல், அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொய் வளையத்தையும் சேர்த்திருந்தது.

அன்றிலிருந்து, இரவு முடிந்து எதையும் கழற்றுவதற்குமுன், கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸைத் தொடாமல், ஒளிப்பலகையைத் தொலைநோக்கியின் வாயில் வைத்து 30 ஃபிளாட் எடுக்கிறேன். ஐந்து நிமிட வேலை. நகர வானத்திலிருந்து பேரடைகளின் மங்கலான வெளிப்பகுதியை எடுப்பவருக்கு இதைவிட முக்கியமான ஐந்து நிமிடம் இல்லை, ஏனெனில் நாம் தேடும் ஒளி பின்னணி வானத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஃபிளாட்டில் நூற்றுக்கு ஒன்று பிழை இருந்தால் அது பேரடையைவிடப் பெரிதாகத் தெரியும். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க, ஒளி புகாமல் மூடி வைத்து எடுக்கும் டார்க் பிரேம்களில் அவ்வளவு தலைவலி இல்லை. குளிரூட்டிய கேமராவானால், ஒரே வெப்பநிலையில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு பல மாதங்கள் பயன்படுத்தலாம்.

ஃபோகஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்டினோவ் மாஸ்க் என்ற துளைத் தகட்டை முன்னால் வைத்தால் விண்மீனிலிருந்து மூன்று கதிர்கள் தோன்றும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வந்து நின்றால் ஃபோகஸ் சரி. ஆனால் இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கி அது மாறிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பனி விழும் பருவத்தில் துணை ஆடியைச் சுற்றி ஒரு சூடேற்றும் பட்டையும், குழாயின் வாயில் நீட்டிய ஒரு கருந்தாள் உறையும் இருந்தால், ஈரத்தோடு பக்கத்து விளக்கின் ஒளியும் உள்ளே வராது.

எந்தப் பேரடையை எடுப்பது என்பதில் பட்டியலில் இருக்கும் மேக்னிட்யூட் எண் ஏமாற்றும். எம்101-இன் ஒளிர்வு 7.9, எம்82-இன் ஒளிர்வு 8.4. எண்ணைப் பார்த்தால் எம்101 எளிது என்று தோன்றும். ஆனால் எம்101 தன் ஒளியை ஏறக்குறைய முழுநிலவின் அளவுக்குப் பரப்பி வைத்திருக்கிறது. எம்82 அதையெல்லாம் ஒரு சிறு சுருட்டின் வடிவத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது. நகர வானத்தில் எம்82 முதல் பிரேமிலேயே பளிச்சென்று தெரியும், எம்101 சில மணி நேரம் கழித்தே முகம் காட்டும். தொடங்குபவர்கள் எம்82, எம்81, எம்51, சோம்பிரரோ எனப்படும் எம்104 போன்ற செறிவான பேரடைகளிலிருந்து தொடங்குவது நல்லது. பருவமும் முக்கியம். நம் பால்வெளியின் தளத்திலுள்ள தூசியும் விண்மீன்களும் மறைக்காத திசையில் பார்த்தால்தான் தொலைவிலுள்ளவை தெரியும். பிப்ரவரி முதல் மே வரை இரவில் உச்சிக்கு வரும் சப்தரிஷி, சிம்மம், கன்னி ஆகிய பகுதிகள் அத்தகைய திறந்த சன்னல்கள். சப்தரிஷியின் வால்நுனியில் நிற்கும் மரீசிக்குச் சில பாகை தள்ளி எம்51 இருக்கிறது. அதன் சுருள் வடிவத்தை 1845-இல் ரோஸ் பிரபு தம் 72 அங்குல ஆடியின் வழியே கண்ணால் கண்டு வரைந்தார். கண் ஒளியைச் சேமித்து வைக்காது, சென்சார் சேமிக்கும். அதனால்தான் 6 அங்குல ஆடியில் இரண்டு நிமிடத்தில் அதே சுருள் திரையில் தோன்றுகிறது. முதல்முறை அது தோன்றியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டுமே இலவசம், இரண்டும் போதுமானவை. நான் சிரிலைப் பயன்படுத்துகிறேன். படத்திலுள்ள விண்மீன்களின் அளந்தறிந்த நிறங்களைக் கொண்டு படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வசதி அதில் இருக்கிறது, ஆகவே பேரடையின் நீலம் என் விருப்பத்தின்படி வந்த நீலமாக இருக்காது. பின்னணியின் வெளிச்சச் சாய்வை நீக்கும்போது, வானத்தின் வெளிச்சத்தை அளக்க வைக்கும் மாதிரிப் புள்ளி ஒன்றுகூடப் பேரடையின் மங்கலான விளிம்பில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் மென்பொருள் பேரடையையே வானம் என்று எண்ணிக் கழித்துவிடும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கூர்மையாக்கும் கருவிகளை நான் மிகக் குறைவாகவே தொடுகிறேன். அவை சில சமயம் இல்லாத தூசிப் பட்டையை இருப்பதாக வரைந்துவிடுகின்றன. புதிதாக ஏதேனும் நுணுக்கம் தெரிந்தால், பெரிய ஆய்வகங்களின் படத்தோடு ஒப்பிட்டு, அங்கும் இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்கிறேன். 36 மணி நேரம் சேர்த்த உண்மையான ஒளியோடு ஒரு கற்பனைக் கோட்டைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை.

எடுத்த படத்தை வாசிப்பதுதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரும்பாலோர் படத்தை முடித்ததும் மூடிவிடுகிறார்கள். படத்திலுள்ள விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு அதன் சரியான இடத்தைக் கணினி கண்டுபிடித்தபின், சிம்பாட் என்னும் வானியல் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால், திரையில் தெரியும் ஒவ்வொரு சிறு கறைக்கும் பெயர் கிடைக்கும். என் படத்தில் என்ஜிசி 3079-க்குப் பக்கத்தில் உருண்டையாக நிற்கும் என்ஜிசி 3073-ஐ முதலிலேயே கண்டேன். பிறகு ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, விண்மீன் என்று நான் நினைத்திருந்த பல புள்ளிகளுக்கு ஓரம் சற்றுக் கலங்கியிருப்பது தெரிந்தது. அவையெல்லாம் பேரடைகள், பல பத்து கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பவை. ஒரு தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன், எழுபதைத் தாண்டியது.

அந்தத் தேடலில்தான் வடக்கே நின்ற புள்ளிக்கு வந்தேன். எல்லாப் பிரேம்களையும் சேர்த்து அடுக்கிய படத்தில் அது நடுவில் இடை சிறுத்த ஒரே புள்ளியாக இருந்தது. தரவுத்தளம் அதை க்யூ0957+561 என்றது: இரட்டைக் குவேசார். குவேசார் என்பது, நடுவிலுள்ள பெரும் கருந்துளையில் விழும் வளிமத்தால் பேரொளி வீசும் தொலைதூரப் பேரடையின் கரு. 1979-இல் டென்னிஸ் வால்ஷ், ராபர்ட் கார்ஸ்வெல், ரே வெய்மன் ஆகிய மூவர் கண்டறிந்த, ஈர்ப்பு வில்லையால் உண்டான முதல் இரட்டைத் தோற்றம். உண்மையில் அங்கே இருப்பது ஒரே குவேசார்தான். நமக்கும் அதற்கும் இடையே இருக்கும் பெருநிறை கொண்ட ஒரு பேரடை, தன் ஈர்ப்பால் அதன் ஒளியை வளைத்து, இரு வழிகளில் நம்மிடம் அனுப்புகிறது. அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பாதி வழி வந்தபோதுதான் சூரியனும் பூமியும் உருவாயின.

இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 6 வில்நொடி இடைவெளி, என் கேமராவில் ஆறு பிக்சல். காற்று அலைந்த இரவுகளில் என் விண்மீன்கள் நான்கு, நான்கரை வில்நொடிக்கு வீங்கியிருந்தன. அமைதியான இரவுகளில் இரண்டரைதான். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியதால் வீங்கியவை சிறியவற்றைக் கெடுத்திருக்கின்றன. ஆகவே 1,080 பிரேம்களிலிருந்து விண்மீன்கள் மிகச் சிறியதாக இருந்த 300 பிரேம்களை மட்டும் பிரித்து மறுபடி அடுக்கினேன். கணினி வேலையை முடித்ததும் படத்தை நானூறு விழுக்காடு பெரிதாக்கினேன். இரண்டு புள்ளிகள், நடுவில் இருட்டு, இரண்டும் ஒரே நீலம். பேரடையின் மங்கலான வெளிப்பகுதிக்கு எல்லாப் பிரேம்களும் வேண்டும், நுணுக்கத்துக்குச் சிறந்தவை மட்டும் வேண்டும் என்பதை அப்போது கற்றேன். இப்போது எந்த இலக்குக்கும் இரண்டு அடுக்குகள் செய்து, பிறகு இணைக்கிறேன்.

பழைய பிரேம்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 மே 19 அன்று ஜப்பானைச் சேர்ந்த கொய்ச்சி இடாகாகி என்ற அமெச்சூர், எம்101-இல் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று அதற்குப் பெயர். அதற்கு முந்தைய மணிகளில் உலகின் பல கொல்லைப்புறங்களில் எம்101-ஐத் தற்செயலாகப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தம் பிரேம்களைத் தேடிப் பார்த்து அனுப்பியதால்தான், அந்த விண்மீன் வெடித்த நேரத்தை ஆய்வாளர்கள் மிக நெருக்கமாகக் கணிக்க முடிந்தது. என்னிடம் அந்த ஆண்டு மார்ச்சில் எடுத்த எம்101 இருந்தது, மே 22-இல் எடுத்ததும் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றித் திரையில் காட்டினால், சுருளின் ஒரு கையில், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு விண்மீன் வந்து நிற்கிறது.

இரட்டைக் குவேசாரின் இரு ஒளிவழிகளும் சம நீளமுள்ளவை அல்ல. குவேசாரின் ஒளிர்வு கூடினாலோ குறைந்தாலோ, அந்த மாற்றம் முதலில் ஏ என்னும் புள்ளியில் தெரிகிறது. பி என்னும் புள்ளியில் அதே மாற்றம் 417 நாள் கழித்துத் தெரிகிறது. மாற்றம் மிகச் சிறியதாகவே இருக்கும் என்பதால், அதை அளக்கப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, பல இரவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். என்னால் முடியுமா என்று பார்க்கப் போகிறேன். ஏ புள்ளியை நான் மிக நன்றாக எடுத்த இரவு பிப்ரவரி 10. அன்று அது காட்டிய ஒளிர்வை பி காட்ட வேண்டிய நாள் அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் வருகிறது. அப்போது என்ஜிசி 3079 இரவு ஒன்பது மணிக்கெல்லாம் தன் முழு உயரத்துக்கு ஏறியிருக்கும். நாட்காட்டியில் குறித்துவிட்டேன். கேமராவை அதே கோணத்தில் மாட்ட, ஃபோகஸரின்மேல் ஒரு வெள்ளைக் கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.